தரப்படுத்தலும் றிக்சன் சேரின் முதலாம் பிள்ளைகளும்

றிக்சன் சேர் எனக்குப் பதினொரு மாத வாடகை தர வேண்டியிருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு வராத ஆத்திரத்தில் கிழவன் எழுதுகிறான் என்று பிறகு யாரும் கதைக்கக்கூடாது. அந்தக் கடன் தீர்ந்துபோய்விட்டது. உண்மையில் அதைத் தீர்த்துவைத்தது அரசாங்கம். எப்படி என்று போகப் போகத் தெரியும்.

ஊர் மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று சிறப்பு மலர் வெளியிடுகிற குழுவினர் என்னிடம் கேட்டார்கள். மற்ற எல்லோரும் செத்தவர்களைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அது லேசான வேலை. செத்தவர் எழும்பி வந்து மறுத்துக் கதைக்கப்போவதில்லை. நான் உயிரோடு, கழுத்துப்பட்டியோடு, மோட்டார் சைக்கிளில் திரிகிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அதற்குத் துணிவு வேண்டும். எனக்கு இருக்கிறது.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நான் ஐஸ் டொமினிக். துறைமுகப் பக்கம் மீன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. சாக்குப் போர்த்து முதுகில் ஐஸ் கட்டி சுமந்து தொடங்கியவன், இன்றைக்குக் கிண்ணியாவிலிருந்து புல்மோட்டை வரை போகிற படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறேன். மூன்று கூலர் லொறி ஓடுகிறது. படித்த கணக்காளர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறேன். அவர் கூட்டிச் சொல்வதற்கு முன் நான் வாயால் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என்னுடைய பழைய ஐஸ் களஞ்சியம் லிங்கநகர்ப் பக்கம் சும்மா கிடந்தது. சுவர் தடிப்பு, உள்ளே வெயிலே தெரியாது. மீன் மணம் மட்டும் போகவில்லை. அதைத்தான் றிக்சன் சேர் வாடகைக்கு எடுத்து, "சிகரம் கல்வி நிலையம்" என்று பெயர்ப்பலகை போட்டார்.

றிக்சன் லிங்கநகரில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், நல்ல மனிதர். மகன் டொக்டராக வேண்டும் என்று அவர் விரும்பினார், மகனும் விரும்பினார். பரீட்சை மட்டும் விரும்பவில்லை. உயர்தரப் பரீட்சை மூன்று முறை எழுதினார். பிறகு கட்டாருக்குப் போய் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி எண்ணினார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தார். வந்தவர் ஒரு கழுத்துப்பட்டி வாங்கினார். வாங்கிய மறுநாளே சேர் ஆகிவிட்டார். எங்கள் ஊரில் அதற்குக் கழுத்துப்பட்டி காணும், வேறு தகுதி கேட்பதில்லை.

அவர் பெயர் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளை, வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளையாக வருகிறவள், வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்று இவருடைய வகுப்பில் சேர்ந்தாள். அந்தத் தவணையும் முதலாம் பிள்ளையாக வந்தாள். றிக்சன் சேர் அவளுடைய படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் கட்டினார். நிறைந்துபோன ஐஸ் பெட்டியின் மேல் கடைசிக் கட்டியை வைத்துவிட்டு, பெட்டியை நிரப்பியது நான்தான் என்று சொல்வதைப் போல. ஆனாலும் ஊர் நம்பியது. "முதலாம் பிள்ளை சேர்" என்ற பட்டம் அன்றைக்கு விழுந்தது.

இந்த "எத்தனையாம் பிள்ளை" என்ற கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது கேட்பார்கள். மீன் சந்தையில் பேரம் நடக்கும்போது கேட்பார்கள். கிண்ணியாவில் கலியாண வீட்டுச் சகன் சோற்றுத் தட்டைச் சுற்றி இருந்துகொண்டு கேட்பார்கள். தவணை முடிந்ததும் ஊருக்கே வேறு கதை கிடையாது. "உங்கட மகன் எத்தனையாம் பிள்ளை?" முதலாம் பிள்ளையின் தாய் அதைத் தானாகவே சொல்லிவிடுவாள், கேட்கத் தேவையில்லை. மூன்றாம் பிள்ளையின் தாய் குரலைத் தாழ்த்துவாள். பதினேழாம் பிள்ளையின் தாய் அந்த வாரம் கோயிலுக்கு வரமாட்டாள், தலையிடி. பிள்ளைக்கு என்ன தெரியும், கூட்டத் தெரியுமா, ஒரு கடிதம் எழுதத் தெரியுமா என்று கேட்ட ஒருவரை நான் இந்த வயது வரை கண்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புதிய கலைத்திட்டம் வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை முன்னோடியாகத் தெரிவு செய்து, தரம் ஆறுக்குத் தொடங்கினார்கள். தை மாதம் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். என்னுடைய பேத்தி அஞ்சலினா அந்த வகுப்பில் இருக்கிறாள். அவளுடைய தகப்பன் கொழும்பில், தாய்க்கு வேலை. ஆகவே நான் போனேன். முன் கதிரையில் இருந்தேன். நான் எங்கே போனாலும் முன் கதிரைதான்.

விளக்கம் சொல்ல வந்தவர் ஆசிரிய ஆலோசகர் இராகுலன். மெலிந்த ஆள், நல்ல மனம், ஆனால் மேலிடம் அனுப்பிய சொற்களை அப்படியே சுமந்துகொண்டு வந்திருந்தார். சுவரில் படம் விழுத்தி, "கலைத்திட்ட மறுசீரமைப்பின் பிரகாரம் ஒவ்வொரு மொடியூலுக்கும் கற்றற்பேறுகள் வரையறுக்கப்பட்டுள்ளன" என்று வாசித்தார்.

எனக்குப் பின்னால் இருந்த சுதர்ஷிகா, அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற தாய், பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பேறோ? ஆருக்கடி பேறு?"

"தரம் ஆறுக்காம்."

"கடவுளே! பன்ரெண்டு வயசும் ஆகேல்ல!"

அந்த வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. இராகுலன் தன்னுடைய படம் தலைகீழாக விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார். நல்ல சாமானை இவ்வளவு மோசமாகப் பொதி கட்டி அனுப்ப மேலிடத்தால்தான் முடியும். என் கடையில் ஒருவன் இப்படிப் பொதி கட்டினால் மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பழைய புள்ளி முறைக்குப் பதிலாகப் புதிய தரப்படுத்தல் முறை ஒன்று..."

இளம் ஆட்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போக எங்கள் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடப் புள்ளி எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்தார்கள். அதற்குப் பெயர் தரப்படுத்தல். அதன் பிறகு, யுத்தம் வரை, நடந்தவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொல்வது, பெற்றோல் ஷெட்டில் நின்று சுருட்டுப் பற்றவைப்பதற்குச் சமம். பிள்ளைகளின் அறிவை அளக்கிற முறைக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை?

பின்னால் ஒரு முதியவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"ஒருக்காத் தரப்படுத்தி எங்கட பெடியளைக் கெடுத்தது காணாதோ? இப்ப ஆறாம் வகுப்புக் குஞ்சுகளையும் தொடங்கியாச்சோ?"

"ஐயா, இது அந்தத் தரப்படுத்தல் இல்ல..."

"எல்லாத் தரப்படுத்தலும் ஒண்டுதான்!"

மண்டபம் இரைந்தது. இராகுலன் கையைக் காட்டி, தொண்டை கிழியக் கிழியச் சொன்ன அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. "இனிமேல் முதலாம், இரண்டாம் பிள்ளை என்ற வரிசை இல்லை" என்பதுதான் அந்த வசனம். எனக்குக் கேட்டது. ஐஸ் உடைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்று ஆட்களோடு கதைத்துப் பழகிய காது இது. தன் வகுப்புக்குப் பிள்ளை பிடிக்க வந்து ஜன்னலோரம் நின்ற றிக்சன் சேருக்குக் கேட்கவில்லை. அவருக்கு "தரப்படுத்தல்" மட்டும் கேட்டது. தேத்தண்ணியும் குடிக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். நேரே அச்சகத்துக்கு.

கூட்டம் கலைந்த பிறகு நான் இராகுலனைப் பிடித்து வைத்துக் கேட்டேன்.

"தம்பி, சுவரில வாசிச்சதை விட்டிட்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்."

"லேசானதுதான் ஐயா. இந்தத் தவணை முடியேக்க பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு முதலே எழுதி வச்சிருக்கு. அதுதான் பேறு. ஒவ்வொண்டிலயும் பிள்ளை எந்த மட்டத்தில நிக்குது எண்டு கார்ட்டில வரும். எதிர்பார்த்தபடி செய்யுது, கிட்ட வந்திட்டுது, இன்னும் உதவி வேணும். அவ்வளவுதான். மற்றப் பிள்ளையோட ஒப்பிடுறதில்ல."

"இது சூரை மாதிரி" என்றேன்.

"எது ஐயா?"

"சூரை மீன். ஏற்றுமதிக்காரன் வந்து ஒரு மெல்லிய குழலைக் குத்தி இழுத்துச் சதையின்ர நிறத்தைப் பாப்பான். சிவப்பு நல்லாயிருந்தா முதல் தரம். படகில வந்த அத்தனையும் நல்லாயிருந்தா அத்தனையும் முதல் தரம். பழுதெண்டா அத்தனையும் பழுது. எந்தச் சூரை எத்தனையாம் சூரை எண்டு ஒருத்தனும் கேக்கிறதில்ல. பழுதான படகில முதலாவதா வந்த மீனும் பழுதுதானே?"

இராகுலன் கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்க மறந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா, இதை நான் அடுத்த கூட்டத்தில சொல்லட்டோ?"

"சொல்லும். ஐஸ் டொமினிக் சொன்னது எண்டும் சேர்த்துச் சொல்லும்."

அடுத்த நாள் லிங்கநகர்ச் சுவர் எல்லாம் நோட்டீஸ். "மீண்டும் தரப்படுத்தல்! உங்கள் பிள்ளை தயாரா? தரம் 6 விசேட வகுப்பு. முதல் தவணையிலேயே முதலாம் பிள்ளை. தவறினால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும்." கீழே கழுத்துப்பட்டியோடு அவருடைய படம். கோதுமை மாப் பசை போட்டு ஒட்டியிருந்தபடியால், டவுனில் திரிகிற மான்கள் எட்டிய உயரம் வரை நோட்டீஸைத் தின்றுவிட்டன. பல இடங்களில் சேரின் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் விடவில்லை. ஏணி வைத்து உயரத்தில் ஒட்டினார்.

நான் களஞ்சியத்துக்குப் போய்ச் சொன்னேன். என்னுடைய கடமை என்று சொன்னேன்.

"தம்பி, இனி எத்தனையாம் பிள்ளை எண்டு வராதாம். இராகுலன் சொன்னவர். நீர் என்னத்தை நம்பி உத்தரவாதம் குடுக்கிறீர்?"

றிக்சன் சேர் சிரித்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஐயா, தரப்படுத்தல் எண்டாலே வரிசைப்படுத்தல்தான். வரிசை இல்லாமத் தரம் எப்பிடி வரும்? குறை நினையாதேங்கோ, நீங்கள் அஞ்சாம் வகுப்போட நிண்டனீங்கள். இது உங்களுக்கு விளங்காது."

"சரி" என்றேன். "எனக்கு விளங்கிறது வாடகை. அதைக் கதைப்பம்."

அடுத்த வாரமே பதினொரு மாதமும் வந்தது. தாய்மார் வரிசையில் நின்று கட்டியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தவணைக்கு ஒன்பதாயிரம். களஞ்சியத்தில் இருக்க வாங்குகள் போதாமல், என்னிடமே பழைய மீன் பெட்டிகள் வாங்கிக் கவிழ்த்துப் போட்டு இருத்தினார். அரசாங்கம் எடுத்துவிட்ட அந்தச் சொல்லின் பயம் அப்படி. எங்கள் சனம் ஐம்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்த காயத்தை ஒரு மனிதர் நோட்டீஸில் அடித்து, தலைக்கு ஒன்பதாயிரம் அறவிட்டார். அதற்குக் கட்டார் போய்ப் பெட்டி எண்ணியிருக்கத் தேவையில்லை.

கட்டினவர்களில் ரிஸ்னா என்று ஓர் இளம் தாய். கிண்ணியாவில் பிறந்தவள், கலியாணம் முடித்து இங்கே வந்தவள். புருசன் மீன் ஏற்றும் லொறியில் போகிறவன். இவள் வீட்டில் இருந்து அபாயாவும் பள்ளிச் சட்டையும் தைக்கிறாள். கால் மிதிக்கிற பழைய மெசின். முழங்கால் நோகிறது என்று, அதற்கு மோட்டார் பூட்டக் காசு சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஒன்பதாயிரத்தைத்தான் கொண்டுவந்து றிக்சன் சேரிடம் கட்டினாள். மகள் ஜுமானாவுக்குப் பின்னக் கணக்கு வராது. அதைத்தான் சொல்லிக் கட்டினாள். நான் வாசலில் நின்றபடியால் எனக்கும் கேட்டது.

"சேர், எனக்கு வேற ஒண்டும் வேணாம். இவளுக்குப் பின்னம் ஒண்டும் விளங்குதில்ல. அதைச் சொல்லிக் குடுங்க."

"பின்னம் என்ன பின்னம் ரிஸ்னா! முதலாம் பிள்ளையா வந்தாப் பின்னமும் தானா வரும்."

தவணை முழுவதும் அந்தக் களஞ்சியத்துக்குள் நடந்த படிப்பை நான் கேட்டிருக்கிறேன். சுவர் தடிப்பென்றாலும் அவருடைய குரல் அதைவிடத் தடிப்பு. பழைய பரீட்சைத் தாள்களை வைத்து விடைகளைப் பாடமாக்க வைத்தார். புதிய கலைத்திட்டத்தில் அந்தக் கேள்விகளே கிடையாது. பிள்ளைகள் கூட்டாக, கோயிலில் செபமாலை சொல்வதுபோல, கேள்வி இல்லாத விடைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தவணை முடிந்து பள்ளிக்கூடத்தில் கார்ட் கொடுத்தார்கள். அன்றைக்குப் பின்னேரம் றிக்சன் சேர் யாருடையதோ ஒரு கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னுடைய ஐஸ் கடைக்கு வந்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்த்தார்.

"ஐயா, இதில எங்க போட்டிருக்கு?"

"எது?"

"எத்தனையாம் பிள்ளை எண்டு."

"போடேல்ல. சொன்னனான்தானே."

"ஒரு மூலையிலயும் இல்லையே!"

"ஐஸைத் தட்டிப் பாரும், உள்ளுக்க இருந்தாலும் இருக்கும்."

அவர் ஐஸ் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டார். உத்தரவாதம் அச்சில் இருக்கிறது. மான் தின்றது கீழே ஒட்டியதைத்தான், உயரத்தில் ஒட்டியது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முதலாம் பிள்ளை என்று ஒன்றே இல்லையென்றால், ஒருவரும் முதலாம் பிள்ளையாக வரவில்லை. அப்படியென்றால் எல்லோருக்கும் காசு திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்தால் கல்வி நிலையத்துக்குப் பூட்டு. வியர்வை அவருடைய கழுத்துப்பட்டி வரை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் திடீரென்று எழும்பினார்.

"ஐயா! பள்ளிக்கூடம் முதலாம் பிள்ளை ஆர் எண்டு சொல்லேல்ல. அப்ப நான் சொல்லலாம்தானே?"

அந்த மூளையைப் பின்னக் கணக்குக்குப் பாவித்திருந்தால் பிள்ளைகள் கரைசேர்ந்திருப்பார்கள்.

கற்றற்பேறுகள் ஒரு நீளமான பட்டியலாகக் கார்ட்டில் இருந்தன. றிக்சன் சேர் அதை வெட்டிப் பங்குபோட்டார். பேறுக்கு ஒரு பிள்ளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேட்டிபிக்கற். பொன் நிறக் கரை, நடுவில் பெரிய எழுத்தில் "முதலாம் பிள்ளை", அடியில் எறும்பு எழுத்தில் எதில் என்று. ஒருவன் "குழுவாக ஒத்துழைத்தல்" என்பதில் முதலாம் பிள்ளை. இன்னொருத்தி "சூழலை அவதானித்தல்" என்பதில். என்னுடைய பேத்தி அவருடைய வகுப்புக்குப் போகவே இல்லை, அவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டார். என்னுடைய நல்லெண்ணத்துக்காக இருக்கும். எல்லாவற்றையும் லமினேட் பண்ணியிருந்தார். தண்ணியில் விழுந்தாலும் புகழ் நனையாது.

ஒரு கிழமை ஊர் சந்தோசமாக இருந்தது. அந்த ஞாயிறு கோயிலுக்கு ஒரு தாய்க்கும் தலையிடி இல்லை. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கியும் சனம் வாசலை விட்டு நகரவில்லை. ஒவ்வொருத்தியும் தன்னிடம் கேட்கட்டும் என்று மற்றவளின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் இரண்டாம் தவணைக்குக் காசு கட்டுகிற நாள். நான் அந்த மாத வாடகைக்குப் போயிருந்தேன். உள்ளே சுதர்ஷிகா, மகன் டிலுக்ஷனின் சேட்டிபிக்கற்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தாய்மார். அந்த நேரம் ரிஸ்னா வந்தாள். ஒரு கையில் பள்ளிக்கூடக் கார்ட், மற்றக் கையில் பொன் நிறக் கரை போட்ட அதே சாமான்.

சுதர்ஷிகா கண்டுவிட்டாள்.

"இதென்ன? உங்களுக்கும் முதலாம் பிள்ளையோ?"

"ஓம் போல. சேர் தந்தவர்."

"அப்ப என்ர மகன்?"

"அவரும் முதலாம் புள்ளயாம். பாருங்க, கையில வச்சிருக்கீங்க."

"ஒரு வகுப்பில எப்பிடி ரெண்டு முதலாம் பிள்ளை?" என்று கேட்டு, சுதர்ஷிகா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் மெதுவாகத் தங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். களஞ்சியத்துக்குள் பொன் நிறம் மினுங்கியது.

றிக்சன் சேர் கழுத்துப்பட்டியை இறுக்கினார்.

"அது வந்து, இது புதிய கலைத்திட்டம். ஒவ்வொரு பேறிலயும் ஒரு முதல்..."

"சேர்" என்றாள் ரிஸ்னா. சத்தம் போடவில்லை. "ஜுமானா எதுல முதலாவது எண்டு சின்னதா எழுதியிருக்கீங்க. கண்ணாடி போட்டுப் பாத்தன். 'பிறர் கருத்துக்குச் செவிகொடுத்தல்.' அவ வீட்டுல நான் கூப்பிட்டாலே திரும்புறல்ல."

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"இந்தாப் பள்ளிக்கூடக் கார்ட். 'பின்னங்களை ஒப்பிடுதல்: மேலும் உதவி தேவை.' நான் காசு கட்டக்குள்ள சொன்ன அதே சாமான். மூணு மாசத்துக்குப் பொறகு அதே எடத்துல நிக்கிறா. ஒங்கட நோட்டீஸ்ல முதலாம் புள்ளயா வராட்டிக் காசு திருப்பித் தாறன் எண்டு இருக்கு. தாங்க. நான் மெசினுக்கு மோட்டார் பூட்டோணும்."

"ரிஸ்னா, முதலாம் பிள்ளையா வரேல்ல எண்டு அந்தக் கார்ட்டில எங்கயும் எழுதியிருக்கோ?"

"வந்தா எண்டு எழுதியிருக்கா?"

"வரேல்ல எண்டு இல்லையே!"

"வந்தா எண்டும் இல்லையே!"

இருவரும் இப்படியே போய்வந்துகொண்டிருந்தார்கள், பலகைப் படகும் அலையும் மாதிரி. பிறகு றிக்சன் சேர் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்களாவது சொல்லுங்கோவன்."

என்னைக் கேட்டால் நான் சொல்லாமல் விடுவேனா?

"தம்பி, இவ்வளவு காலமும் உம்மைப் பிழைக்க வச்சது அந்த வரிசைதான். முதலாம் பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொன்னா, பிள்ளைக்கு என்ன தெரியாது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். இப்பத்தைய கார்ட் அதைத்தான் எழுதுது. இன்னதில உதவி வேணும் எண்டு. ரிஸ்னா உதவிக்குத்தான் காசு கட்டினவ. நீர் சேட்டிபிக்கற் குடுத்திருக்கிறீர். ஐஸ் கேட்டவனுக்கு ஐஸ் எண்டு எழுதின மட்டையக் குடுத்தா மீன் பழுதாகாமக் கிடக்குமோ?"

றிக்சன் சேர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"ஐயா, ஒராளுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்க வேணும். பாருங்கோ, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். நான் முடிஞ்சன்."

உண்மைதான், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, மூழ்கப்போகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடிப்பதுபோல, கடைசியாக ஒன்றைச் சொன்னார்.

"சரி. காசு வேணுமெண்டா எடுக்கலாம். ஆனா சேட்டிபிக்கற்றைத் திருப்பித் தர வேணும். காசை எடுத்தா முதலாம் பிள்ளை இல்ல."

ரிஸ்னா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. பொன் நிறக் கரை போட்ட அந்தச் சாமானை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, மேசைப்பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளியும் விட்டாள்.

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒன்பதாயிரம் ரூபாய். மீன் விற்கிற விலையில் அது சின்னக் காசு இல்லை. மேசைக்கும் அவர்களுக்கும் இடையில் நாலு அடி. ஒருத்தியும் அசையவில்லை. சுதர்ஷிகாவின் கை மட்டும் அசைந்தது, சேட்டிபிக்கற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்க.

"சுதர்ஷிகா, உங்களுக்கும் காசு வேணுமோ?" என்று கேட்டார் றிக்சன் சேர். அவருக்கே தன் காதை நம்ப முடியவில்லை.

"எனக்கேன் காசு?" என்றாள் அவள், ரிஸ்னாவைக் கடைக்கண்ணால் பார்த்தபடி. "அப்ப இப்ப ஒரு முதலாம் பிள்ளை குறைஞ்சிட்டுதுதானே சேர்?"

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி இரண்டாம் தவணைக் காசை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

அன்றைக்கு நான் ஒன்று விளங்கிக்கொண்டேன். மேலிடம் எத்தனை கலைத்திட்டமும் மாற்றலாம். பேறு என்று எழுதலாம், மட்டம் என்று எழுதலாம், பிள்ளைக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்று பளிங்கு மாதிரிக் கார்ட்டில் போட்டுக் கொடுக்கலாம். அதைத் திருப்பிப் பிடித்து, மூலையில் ஓர் இலக்கம் இருக்கிறதா என்று தேடுகிற சனத்துக்கு எந்த அமைச்சும் மறுசீரமைப்புக் கொண்டுவரவில்லை. றிக்சன் சேரை நான் சும்மா ஏசினேன். அவர் கடைதான் வைத்திருக்கிறார். வாங்குகிறவர்கள் நாங்கள்.

நிறம் திரும்பி வந்த முகத்தோடு றிக்சன் சேர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு கட்டுக் காசை வெளியே எடுத்தார். இரண்டாம் தவணைக்கு வாசலில் கட்டப்போகிற பெரிய பனருக்கு வைத்திருந்த காசு என்று எனக்குத் தெரியும். ரிஸ்னா கையை நீட்டி உள்ளங்கையை விரித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள்.

ஆயிரம் ரூபாய்த் தாள்களாக ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தாளையும் வைக்கும்போது விரலால் கொஞ்சம் தேய்த்தார், இரண்டு ஒட்டிப் போய்விடுமோ என்று. எட்டு வந்தது. அதற்கு மேல் ஓர் ஐந்நூறு தாளை வைத்துவிட்டு, மிச்சத்தைப் பைக்குள் போட்டார்.

"போட்டோக்கொப்பிக் காசு கழிச்சிருக்கு."

ரிஸ்னா கையை இழுக்கவும் இல்லை, மூடவும் இல்லை. விரித்தபடி அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். றிக்சன் சேர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் பைக்குள் திரும்பக் கையை விட்டு, இன்னும் ஓர் ஐந்நூறை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.